நடு ஏரிக் கம்பம்

என் தம்பி அமீர் ஜான் காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்துக்குக் கிளம்பும்போது, தெருவில் நின்றபடியே, "அண்ணா, மிஷின் இன்னா சொல்லுது?" என்று கேட்டான். நான் மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "சிவப்புக் கோட்டுலதான் கீது, தைரியமா போ" என்றேன். எட்டு மணிக்குள் அந்த மிஷின் ஒன்பது நாளாகச் சொன்னது அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

நான் ஜலீல். பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்பவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் ஸ்க்ரூ டிரைவரை எறிவேன் என்று ஊரில் சொல்வார்கள். எறிந்தும் இருக்கிறேன். வாப்பாவும் உம்மாவும் ஒரே வருஷத்தில் மவுத்தானபோது அமீருக்கு ஆறு வயது. எனக்குப் பதினேழு. அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஓதப் போகாவிட்டால் முதுகில் இரண்டு வைத்து ஆளாக்கியது நான்தான். என் பொஞ்சாதி கரீமா, "உங்களுக்குப் பொறந்திருந்தாகூட இவ்ளோ பாசம் வெக்க மாட்டீங்க" என்று பொருமுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதத்தில் மதராஸிலிருந்து திருவேங்கடம் என்ற இன்ஜினீயர் ஜீப்பில் வந்து என் கடை வாசலில் இறங்கினார். ஊரில் சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏரியில் மூன்று இடத்தில் கம்பம் நடப்போகிறோம், ஒவ்வொரு கம்பமும் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தானே அளந்து, கம்பியே இல்லாமல் உங்கள் மாடிக்குச் சொல்லும், நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கம்பத்தில் ஒரு குழாய். குழாய்க்குள் தண்ணீரோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை. உச்சியில் இரும்புப் பெட்டி, அதன் தலையில் வெயிலைக் கரண்ட் ஆக்கும் கண்ணாடித் தகடு. அரை மணிக்கு ஒரு தடவை என் மாடியில் இருக்கும் மிஷின் கீக் கீக் என்று கத்திவிட்டு, பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு காகிதத்தில் எண்ணை அடித்துத் தள்ளும்.

அடேயப்பா, எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, நான் பட்டப்பகலில் பிடித்தேன். கடையில் வேலை இருக்கிறதோ இல்லையோ, சட்டைப்பையில் அந்தக் காகிதம் எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பேன்.

இந்த எண்ணால் என்ன பிரயோஜனம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சில வருஷம் எங்கள் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும். அப்போது மழை பிடித்தால் ஆற்றுத் தண்ணீர் எல்லாம் ஏரியிலேயே தேங்கி ஏறிக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் மணல் மேடு தாங்காமல் உடைந்து, ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாகக் கடலுக்குப் பாயும். அந்த நேரத்தில் மேட்டின் அடிவாரத்தில் யார் நின்றாலும் கடலுக்குத்தான் போவார்கள். ஆனால் மழைக்காலத்தில் இறால் கடலுக்குப் போக வழி தேடி வந்து குவிவதும் அதே அடிவாரத்தில்தான். கையால் இறால் தடவிப் பிடிக்கிற அம்மணியும் அவள் ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். பறி என்கிற இறால் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் தடவுவார்கள். அமீர் ஜான் இறால் வாங்கி கம்பெனிக்குப் போடுகிறவன். கரைக்கு வந்தால் மற்ற ஏஜென்டுகள் மொய்த்துவிடுவார்கள் என்று, ஐஸ் பெட்டியோடு தண்ணீருக்குள்ளேயே போய் வாங்குவான்.

கம்பம் நட்ட அன்று தண்ணீர் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் திருவேங்கடம் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டார். மிஷினில் அது பூஜ்யம். அதற்கு மேல் இரண்டு அடி ஏறினால் மணல் உடையலாம், அதற்கப்புறம் ஒருவரும் முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கான்கிரீட்டில் நட வேண்டிய கம்பங்களாம். பணம் வரவில்லை என்று இப்போதைக்குச் சவுக்குக் கழியைச் சேற்றில் குத்தி நட்டார்கள்.

நடு ஏரிக் கம்பத்தை நடும்போது மீனவர் குப்பத்திலிருந்து கிருஷ்ணனும் இன்னும் நாலு பேரும் படகில் வந்து வம்புக்கு நின்றார்கள். அந்த இடம் அவர்கள் பாடு. பாடு என்றால் ஏரியில் வலைபோடப் பிரித்து வைத்த இடம். இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு வேறு கூட்டம் என்று முறை வைத்துத்தான் அதில் இறங்குவார்கள். ஒருத்தன் முறையில் அந்த இடத்தில் வேறொருத்தன் குச்சி ஒன்றுகூட நிற்கக் கூடாது. நின்றால் அதுவே சண்டை.

"நட்ட நடுவுல நட்டுட்டியே பாய், நாங்க எப்படி வலைய சுத்தறது?" என்றான் கிருஷ்ணன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. திருவேங்கடம் வேறு, என்ன சொல்கிறார்கள் என்று என்னைப் பிடுங்கினார். எனக்கு வந்ததே கோபம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது! தண்ணி இந்தச் சிவப்புக் கோட்டுல நிக்கணும், அவ்ளோதான். கோடு மாறிச்சுன்னா என் வேல போயிடும், புரியுதா?" என்று கத்தினேன்.

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்கு நான் சொன்ன அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புரட்டாசியில் முதல் மழைக்கு மிஷின் மூன்று விரல் ஏற்றம் காட்டியது. அம்மணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூணுதான் பாய், சரியா சொல்லிச்சு" என்று வாயைப் பிளந்தாள். அதிலிருந்து தினம் காலையில் அவள் ஆட்கள் முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் என் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் புருஷன் சடையன் மிஷின் சத்தம் கேட்டால் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொள்வான். முகத்துவாரத்து மணல் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது, காலால் ஆழம் பார்த்து அங்கே ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் அவர்களுக்கு என் எண் வேண்டியிருந்தது.

ஐப்பசி பாதிக்கு மேல் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முகத்துவாரத்துக் கம்பத்தின் கண்ணாடித் தகட்டில் கூழைக்கடாக்கள் எச்சமிட்டு எச்சமிட்டு வெள்ளையடித்துவிட்டன. அது ஊமையாகிவிட்டது. சுண்ணாம்புக்குளத்துக் கம்பம் தூரம் அதிகம், மழை பெய்தால் பேச்சு வராது. மிச்சம் நடு ஏரிக் கம்பம் ஒன்றுதான். அது மட்டும் அரை மணிக்கு அரை மணி தவறாமல் பேசியது. காலையில் பூஜ்யம். மத்தியானத்துக்குள் ஒரு விரல், ஒன்றரை விரல் ஏறும். சாயங்காலம் மறுபடி பூஜ்யம். ராத்திரி கொஞ்சம் ஏறும், விடிந்தால் மறுபடி பூஜ்யம்.

நான் இந்தக் காகிதங்களைத் தபாலில் அனுப்பினேன். திருவேங்கடம் பதில் போட்டிருந்தார். 'கடலின் ஏற்ற வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு முறை அழகாகத் தெரிகிறது. நல்ல வேலை.' அந்தக் கடிதத்தைக் கரீமாவுக்குப் படித்துக் காட்டினேன். அமீருக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடைக்காரனுக்கும் காட்டினேன்.

அமீரை நான் தைரியமாகப் போகச் சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்னால் அம்மணி வாசலில் நின்று சொன்னாள். "தண்ணி ஏறிக்கினே கீது பாய். எங்க குடிசைக்கிட்ட இருந்த கோரையெல்லாம் முழுகிப் போச்சு."

"அது வாடைக்காத்து தள்ளிக்கினு வர்ற தண்ணி. கரையில பாக்கறதெல்லாம் காத்தோட வேல. நடு ஏரியில இன்னா இருக்குதோ அதான் நெசம்" என்று நான் திருவேங்கடம் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அவள் தலையைச் சொறிந்தாள். "இருக்கும். படிச்சவங்க சொன்னா சரிதான்" என்றாள். நான் எட்டாவது ஃபெயில். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

அமீர் கிளம்பிப் போன அந்தக் காலையில் கிருஷ்ணன் ஒரு டிரான்ஸிஸ்டரை லுங்கி மடிப்பில் சுற்றிக்கொண்டு வந்தான். புயல் சேதி கேட்கணும், ஸ்டேஷன் பிடிக்கவில்லை என்றான். வெளியே தூறல். நான் பெட்டியைத் திறந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து பீடியை எடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தான்.

"வேலையெல்லாம் நல்லா போவுதா பாய்? மேல எடத்துல கோவிச்சுக்கலையே?"

"ஏன் கோவிச்சுக்கணும்?"

"இல்ல, கேட்டேன். எங்காளுங்க எல்லாம் உஷாராத்தான் கீறாங்க. பாடு தொடங்கினதுலேர்ந்து ஒம்போது நாளா, யார் முறையா இருந்தாலும் சரி, காத்தால உன் கம்பத்தப் புடுங்கி ஓரமா நட்டுட்டுத்தான் வலை சுத்தறோம். சாயங்காலம் திரும்ப அதே எடத்துல நட்டுட்டுத்தான் கரைக்கு வரோம். ஒரு நாள்கூட கோடு மாற வுட்டதில்ல. தண்ணி செவப்புக் கோட்டுல கரெக்டா வந்து நிக்கற வரைக்கும் ஏத்தி எறக்கி நடுவோம். எங்க குப்பத்துப் பெரியவரு தருமலிங்கம் கண்ண வெச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வுடுவோம்."

என் கையிலிருந்த கத்தி டிரான்ஸிஸ்டருக்குள் விழுந்தது.

"இன்னா சொன்ன?"

"கோடு மாறினா உன் வேல போயிடும்னு சொன்னியே பாய். குடும்பக்காரன், நம்மால ஒருத்தன் பொழப்பு கெடக் கூடாதுன்னு ஊர்லயே பேசி வெச்சிக்கினோம்."

"அடப்பாவி! தண்ணி ஏறுதா இல்லையா?"

"ஏறாம? ஏறிக்கினேதான் கீது. அது ஊருக்கே தெரியுமே. அதான் தெனமும் கம்பத்த கொஞ்சம் கொஞ்சம் மேல தூக்கி நட வேண்டியதா கீது" என்றான், பெருமையாக.

நான் மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. காகிதச் சுருளைத் தரையில் விரித்தேன். காலை ஐந்தரைக்கு ஒன்றரை விரல், ஆறு மணிக்குப் பூஜ்யம். சாயங்காலம் ஐந்துக்கு ஒன்று, ஐந்தரைக்குப் பூஜ்யம். மறுநாளும் அப்படியே. எந்தக் கடல் தண்ணீர் அரை மணி நேரத்தில் மடார் என்று இறங்கும்? அதைவிடக் கேவலம், முகத்துவாரம்தான் மூடிக் கிடக்கிறதே! மூடிக் கிடக்கிற ஏரியில் ஏது கடலின் ஏற்ற வற்றம்? மதராஸில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். என் தம்பி தினம் போய் நிற்பதே மூடின வாயில்தான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஒரு 'நல்ல வேலை'யைப் படித்துவிட்டு மூளையைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கம்பத்தைத் தூக்கி நட்ட ஒவ்வொரு தடவையும் மிஷினில் இறங்கின விரல்களை எல்லாம் கூட்டினேன். இரண்டு தடவை தப்பு வந்தது. மூன்றாவது தடவை இருபத்து நாலு வந்தது. இருபத்து நாலு விரல் என்றால் ஒன்றரை அடி.

கிருஷ்ணன் பின்னாலேயே மாடிக்கு வந்து நின்றான். "இன்னா பாய், இன்னா ஆச்சு? நாங்க எதனா தப்பு பண்ணிட்டமா?"

"படகு எங்க?"

"கரையில."

"என் தம்பி முகத்துவாரத்துல கீறான். அம்மணி ஆளுங்க பதினோரு பேர் கீறாங்க. மிஷின் சொல்லிச்சுன்னு நான்தான் அனுப்பினேன். ஜல்தி வா!"

அவன் முகம் வெளுத்தது. இருவரும் மழையில் ஓடினோம். கரீமா என்னமோ கேட்டபடி வாசல் வரை வந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடைக்காற்று எதிரே அடித்தது. பாய் கட்ட முடியாது என்று கிருஷ்ணன் கழியைப் போட்டுத் தள்ளினான். நான் இன்னொரு கழியை எடுத்தேன். எனக்குப் படகு தள்ளிப் பழக்கமில்லை. கழி சேற்றில் மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் படகு குறுக்கே திரும்பும். "நீ கம்முனு உக்காரு பாய், நீ தள்ளாம இருந்தாலே சீக்கிரம் போவும்" என்றான் கிருஷ்ணன். உட்கார்ந்தேன். யா அல்லாஹ், அவன் இன்றைக்கு நேரம் கழித்துப் போயிருக்கக் கூடாதா, ஐஸ் கிடைக்காமல் பஜாரிலேயே நின்றிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே வந்தேன். அவன் ஆறு மணிக்கே போனதைப் பார்த்தவன் நான். நான் வேண்டினது எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

வழியில் நடு ஏரிக் கம்பத்தைத் தாண்டினோம். அன்றைய முறைக்காரர்கள் அதைப் பிடுங்கி ஓரமாக நட்டிருந்தார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டை நூல் பிடித்த மாதிரி தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பூச்சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். வலைக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். கிருஷ்ணன் அவர்கள் பக்கம் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு தள்ளினான்.

"நாங்க நல்லதுன்னு நெனச்சித்தான் பாய்..." என்றான் ஒரு தடவை.

"உன்னச் சொல்லலடா. தள்ளு" என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடல் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. மணல் மேடு கண்ணுக்குத் தெரிந்தபோது எனக்கு உயிர் வந்தது. மேடு முழுசாக இருந்தது. அடிவாரத்தில் தலைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. அவர்களுக்கு நடுவில் அமீரின் மஞ்சள் சட்டை. அவனுடைய ஐஸ் பெட்டி இன்னும் உள்ளே தள்ளி, மேட்டை ஒட்டி ஊன்றின குச்சியில் கட்டி மிதந்துகொண்டிருந்தது. நல்ல இறால் போலிருக்கிறது, யாரும் நிமிரவே இல்லை. மேட்டின் முதுகில் ஓரிடத்தில் மட்டும் மணல் ஈரமாகக் கறுத்திருந்தது. கிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கழியை நிறுத்தினான்.

"கசியுது பாய். இதுக்கு மேல நான் படகக் கொண்டுபோவ மாட்டேன். போனா நாமளும் போவோம். கூப்புடு."

நான் எழுந்து நின்று கத்தினேன். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

சடையன் நிமிர்ந்து, பல்லிலிருந்து பறியை எடுத்தான். "இன்னா பாய்? மிஷின் இன்னா சொல்லுது?"

அந்த ஒரு நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மிஷின் பூஜ்யம் என்றுதான் சொல்கிறது, அது பொய், கம்பத்தைப் பிடுங்கி நட்டுவிட்டார்கள், நான் முட்டாள், இதையெல்லாம் எப்போது சொல்லி அவர்களுக்கு எப்போது புரிவது? ஏன், எப்படி என்று நின்று கேட்பார்கள். இரண்டு மாதமாக மிஷின் சொன்னால்தான் நிஜம் என்று அவர்கள் மண்டையில் ஏற்றினவன் நானே. அதனால் மிஷின் பேரிலேயே பொய் சொன்னேன்.

"மிஷின் சொல்லிடுச்சு! தண்ணி ஒன்ற அடி ஏறிடுச்சு! வாங்க வெளிய!"

அம்மணிதான் முதலில் அசைந்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பறியை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரக் கரையைப் பார்த்துத் திரும்பினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நடந்தார்கள். அமீரும் நாலு அடி நடந்தான். அப்புறம் நின்றான்.

"ஒன்ற அடிதானேண்ணா?" என்று கத்தினான். "ரெண்டு அடிக்குத்தானே ஆபத்து! இன்னும் அரை அடி கீதே! பொட்டில நாப்பது கிலோ கீதுண்ணா, எடுத்துக்கினு வந்துடறேன்!"

ஒன்றரை. நான் ஏன் ஒன்றரை என்றேன்? மூன்று அடி என்று வாயில் வந்திருக்கக் கூடாதா? நாலு என்று சொல்லியிருந்தால் என் வாய் கிழிந்தா போயிருக்கும்? பொய் சொல்லும்போதுகூட எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிற திமிர் எனக்கு. இரண்டு அடி என்பது திருவேங்கடம் மதராஸில் காகிதத்தில் போட்ட கணக்கு. மணலுக்கு அது தெரியுமா?

"பொட்டி நாசமாப் போவட்டும்! வாடா! டேய் அமீர், வாடா!"

அவன் கையை உயர்த்தி, இதோ என்று காட்டிவிட்டுக் குச்சியின் பக்கம் போனான். பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். ஈரமாகக் கறுத்திருந்த இடம் உள்வாங்கியது. முதலில் வாய்க்கால் அளவுக்கு ஒரு பிளவு. அப்புறம் பழந்துணி கிழிவது போல இரண்டு பக்கமும் மணல் கிழிந்துகொண்டே போனது. பெட்டி அவன் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மஞ்சள் சட்டை ஒரு தடவை சுழன்றது. அவன் என்னைக் கூப்பிட்டானா என்று தெரியவில்லை. தண்ணீர் இரைச்சலில் என் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

நான் குதிக்கப் போனேன். கிருஷ்ணன் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் படகுக்குள் என்னைச் சாய்த்து, மேலே உட்கார்ந்துகொண்டு கழியை ஊன்றினான். படகு முகத்துவாரத்தைப் பார்த்து இழுபட்டது. கரையேறின அம்மணி ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் மறுபடி இறங்கி, கிருஷ்ணன் வீசின கயிற்றைப் பிடித்து எங்களை இழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிக் கரையில் அவனைக் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினார்கள். அடக்கம் பண்ணினோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் மிஷின் பதினோரு உயிரைக் காப்பாற்றியது என்று பேச்சு. சடையன் ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். திருவேங்கடம் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதச் சுருளை விரித்துப் பார்த்தார். முகத்துவாரம் மூடியிருக்கும் விஷயத்தை ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, தானும் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பத்தை நகர்த்தியது மீனவர்கள்தானே, எழுதட்டுமா என்றார். அவர்கள் நான் சொன்னதைத்தான் செய்தார்கள், எழுதினால் என் பேரை எழுதுங்கள் என்று சத்தம் போட்டு அனுப்பினேன்.

சடையன் வைத்துப்போன நண்டு கூடையிலேயே கிடந்து நாறியது. திருவேங்கடம் போன அன்று மத்தியானம் நான் அம்மணியின் குடிசைக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து புதுப் பறி முடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு கோணிச்சாக்கை உதறிப் போட்டாள்.

"நான் உக்கார வரல அம்மணி. ஒண்ணு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். அன்னிக்கி மிஷின் ஒண்ணும் சொல்லல. அது செவப்புக் கோடுன்னேதான் சொல்லிக்கினு இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். உங்கள காப்பாத்தினது அது இல்ல. உங்கள அங்க அனுப்பினதுதான் அது."

"தெரியும் பாய்" என்றாள்.

"எப்படித் தெரியும்? கிருஷ்ணன் சொன்னானா?"

"அவன் இன்னாத்துக்கு சொல்லணும்? மிஷின் சொல்லுதுன்னு நீ தெனம் காத்தால சொல்லுவியே, அப்பல்லாம் உன் மூஞ்சில ஒரு மெதப்பு இருக்கும். அன்னிக்கி படகுல நின்னுக்கினு கத்தின பாரு, மூஞ்சில ஒரு சொட்டு ரத்தமில்ல. அந்த மூஞ்சியப் பாத்துத்தான் நான் ஏறினேன், என் பின்னால இதுங்கல்லாம் ஏறிச்சுங்க. நீ இன்னா எண்ணு சொன்னேன்னுகூட எனக்கு ஞாபகமில்ல."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அமீர் என் மூஞ்சியப் பாக்கலியா அம்மணி?"

அவள் பறியைக் கீழே வைத்தாள்.

"அது எங்க பாய் பாத்துச்சு? நீ ஒன்ற அடின்னு சொன்னதும், அது தலையக் குனிஞ்சிக்கினு வெரல மடக்கி மடக்கி கணக்கு போட ஆரம்பிச்சிடுச்சு."

அவனுக்கு விரல் மடக்கி எண்ணக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.